பள்ளத்தூர் வீட்டில் சிற்றலை (ஷார்ட்வேவ்) கேட்க வழி சொல்லுங்கள்: ஒரே இரைச்சல்

1. வளவு_வானொலி (பள்ளத்தூர்), திங்கள் இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். ஆறு மாசமா இங்கே படிச்சுக்கிட்டு மட்டும் இருந்தேன். இப்ப ஒரு சிக்கலோட வந்திருக்கேன்.

வேலையை விட்டுட்டு சென்னையிலிருந்து ஊருக்கே வந்தாச்சு. ஐயா (தாத்தா) காலத்து வீடு, நாலு பங்காளிகளுக்குப் பொது. சென்னை அடுக்குமாடியில என் டெக்சன் பிஎல்-660 ரேடியோ சிற்றலையில ஒண்ணும் எடுக்காது. நகரம், அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன். ஊருக்குப் போனா காது குளிரக் கேட்கலாம்னு நினைச்சுத்தான் வந்தேன். முதல் நாள் ராத்திரி பட்டாலைத் திண்ணையில உட்கார்ந்து போட்டா, 5 மெகாஹெர்ட்ஸ்ல ஆரம்பிச்சு 12 வரைக்கும் மாவு மில் ஓடுற மாதிரி ஒரே இரைச்சல். சீன வானொலி மட்டும் அதைக் கிழிச்சுக்கிட்டு வருது. வேற எதுவும் இல்லை.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு நிலையம். ரங்கூன்.

காரணத்தையும் சொல்லிடறேன். எங்க ஐயா 1941-ல ரங்கூன் மொகல் தெருவில ஒரு வட்டிக்கடைக் கிட்டங்கியில பெட்டியடிப் பையன் (எடுபிடி வேலை). டிசம்பர் 23-ந் தேதி குண்டு விழுந்தப்ப அங்கேதான் இருந்தார். எப்படியோ ஊர் வந்து சேர்ந்தார், திரும்பிப் போகவே இல்லை. ஆனா எனக்கு நினைவு தெரிஞ்ச நாள்லேருந்து, விளக்கு வைச்ச பிறகு மர்ஃபி ரேடியோவைப் போட்டு பர்மிய மொழிச் செய்தி கேட்பார். வீட்டில வேற யாருக்கும் ஒரு சொல் புரியாது. அவர் தலையாட்டினா நாங்களும் தலையாட்டுவோம். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது எண் மட்டும்தான்: தித், ஹ்னித், தோன், லே, ங்கா. கை விரலை மடக்கி மடக்கிச் சொல்ல வைப்பார்.

அந்த மர்ஃபி இன்னும் மாடி அறையில இருக்கு. ஐயா இல்லை. அதே இடத்தில உட்கார்ந்து அந்த நிலையத்தை ஒரு தடவை கேட்கணும். இரைச்சலுக்கு வழி சொல்லுங்க.

2. கானாடுகாத்தான்_31மீட்டர், திங்கள் இரவு 9.48

வாங்க வாங்க. முதல்ல ஏரியலைப் பத்தி யோசிக்காதீங்க. இரைச்சல் எங்கேயிருந்து வருதுன்னு தெரியாம கம்பி கட்டினா, அந்தக் கம்பி இரைச்சலையும் சேர்த்துத்தான் இழுக்கும்.

நாளைக்கு இதைச் செய்யுங்க. ரேடியோவில சார்ஜரைப் பிடுங்கிட்டு நாலு ஏஏ பேட்டரியில ஓட விடுங்க. 6 மெகாஹெர்ட்ஸ் பக்கம் நிலையம் இல்லாத இடமாப் பார்த்து நிறுத்துங்க. ஒருத்தரை மெயின் ஸ்விட்சை இறக்கச் சொல்லுங்க. இரைச்சல் சட்டுனு செத்தா குற்றவாளி உங்க வீட்டுக்குள்ள. அப்படியே இருந்தா வெளியில. பாதி குறைஞ்சா ரெண்டு இடத்திலயும்.

வீட்டுக்குள்ளன்னா ஒவ்வொரு எம்சிபி ஸ்விட்சா ஏத்திப் பாருங்க. என் அனுபவத்தில வரிசை இதுதான்: மலிவு எல்இடி விளக்கு, இன்வெர்ட்டர், செட்டாப் பெட்டியோட அடாப்டர், போன் சார்ஜர். எல்லாத்துக்குள்ளயும் இருக்கிறது ஒரே சங்கதி. மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டிக் கொடுக்கிற சுற்று. அந்த வெட்டுதான் சிற்றலை முழுக்கச் சிதறுது. நல்ல கம்பெனிக்காரன் உள்ளேயே வடிகட்டி வைப்பான், மலிவுச் சாமான்ல அந்த நாலு ரூபாயையும் மிச்சம் பிடிச்சிருப்பான்.

3. கைப்பேசி_நேயர் (தேவகோட்டை), செவ்வாய் காலை 7.05

தப்பா நினைக்காதீங்க, மனசில பட்டதைக் கேட்கிறேன். உலகத்தில இருக்கிற வானொலி எல்லாம் கைப்பேசியில தெளிவா வருது. நெதர்லாந்தில ட்வென்டி பல்கலைக்கழகம் வைச்சிருக்கிற ரிசீவரை இணையத்தில திறந்து நாமளே முள்ளைத் திருப்பிக் கேட்கலாம். அப்புறம் இந்த இரைச்சலோட எதுக்கு மல்லுக்கட்டணும்? ரங்கூன் செய்தியும் இணையத்தில கிடைக்குமே.

4. வளவு_வானொலி, செவ்வாய் காலை 8.30

நியாயமான கேள்வி. ட்வென்டி ரிசீவரை நானும் நிறைய கேட்டிருக்கேன். ஆனா அது என்ஷெடே ஊர்ல விழுற அலை. எனக்கு வேண்டியது பள்ளத்தூர்ல விழுற அலை. ரங்கூன்ல ஒரு கோபுரத்திலேருந்து கிளம்பி, வங்கக் கடலைத் தாண்டி, மேலே பட்டுத் திரும்பி, எங்க வீட்டு ஓட்டு மேல விழுந்ததைத்தான் ஐயா கேட்டார். நடுவில யாருடைய சர்வரும் கிடையாது. அதைத்தான் நானும் கேட்கணும்.

5. இராயவரம்_நேயர், செவ்வாய் காலை 9.15

கைப்பேசி நேயருக்கு ஒண்ணு சொல்லணும். 2018 நவம்பர் 16, கஜா புயல். எங்க பக்கம் மரம் எல்லாம் சாய்ஞ்சு, கரண்ட் கம்பம் எல்லாம் முறிஞ்சு, கைப்பேசி கோபுரமும் செத்துப் போச்சு. உறவுக்காரங்க உயிரோட இருக்காங்களான்னு கேட்கக்கூட வழியில்லை. பேட்டரி ரேடியோவில திருச்சி நிலையம் 936 மட்டும்தான் எங்களுக்குச் செய்தி சொல்லிச்சு.

அந்த நாட்கள்ல ஒரு ராத்திரி சும்மா சிற்றலைக்குத் திருப்பினேன். என் வாழ்நாள்ல அப்படிக் கேட்டதில்லை. சுத்து வட்டாரத்தில மின்சாரமே இல்லாததால இரைச்சல் துளி கிடையாது. 49 மீட்டர்ல (6 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) ஒவ்வொரு அஞ்சு கிலோஹெர்ட்ஸுக்கும் ஒரு நிலையம். அரபி, சீனம், ரஷ்யன், பேர் தெரியாத மொழி எல்லாம். வாசல்ல விழுந்து கிடந்த பலாமரத்து மேல உட்கார்ந்து விடிய விடியக் கேட்டேன். அலை எல்லாம் தினமும் வந்துக்கிட்டுத்தான் இருக்கு, நம்ம வீட்டு இரைச்சல்தான் மூடி வைச்சிருக்குன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சது.

6. கோட்டையூர்_ஆச்சி, செவ்வாய் மதியம் 2.20

தம்பி எழுதினதைப் படிச்சதும் கண் கலங்கிடுச்சு. எங்க அப்பச்சி ஈப்போவில இருந்தாங்க. எங்க வீட்டில சிங்கப்பூர் வானொலிக்குத்தான் காது. மலாயாவில மழை வெள்ளம்னு ஒரு செய்தி வந்தா அன்னைக்கு ராத்திரி ஆத்தா சாப்பிட மாட்டாங்க. கடிதம் வர நாளாகும், ரேடியோ அன்னைக்கே சொல்லிடும். கடல் தாண்டிப் போனவங்களுக்காகக் காத்திருந்த வீடுகள்ல ரேடியோ என்னவா இருந்ததுன்னு இந்தப் பக்கத்துப் பெண்களைக் கேட்டாத்தான் தெரியும்.

பாட்டுக்கு இலங்கை வானொலி. மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீது குரல் எல்லாம் கண்ணை மூடினா இப்பவும் காதில விழும். அடுப்படிக்கும் இரண்டாங்கட்டுக்கும் நடுவில சன்னல்ல வைச்சிருப்போம், பலகாரம் சுடுற சத்தத்துக்கு மேல கேட்கணும்னு.

நான் தனியா ஆரம்பிச்சது சீன வானொலி தமிழ்ப் பிரிவோட. 1963 ஆகஸ்ட்லேருந்து அவங்க தமிழ்ல ஒலிபரப்புறாங்க. சீனப் பெண்கள் நம்மளை விடச் சுத்தமாத் தமிழ் பேசுறது எனக்கு ஆச்சரியம். கடிதம் போட்டா காலண்டர் வரும், சிவப்புத் தாள்ல கத்தரிச்ச பூ, பட்சி எல்லாம் வரும். ஒரு தாள் மயிலை இன்னும் கண்ணாடிக்குள்ள வைச்சிருக்கேன், கொண்டை முடி ஒவ்வொண்ணும் தனித்தனியா வெட்டியிருக்கும், நூல் கனம்தான்.

மூடின நாளும் எல்லாம் நினைவிருக்கு. பிபிசி தமிழோசை 1941-ல தொடங்கினது, 2017 ஏப்ரல் 30 ராத்திரியோட சிற்றலையில நின்னுச்சு. மணிலா வேரித்தாஸ் வானொலி 2018 ஜூன் 30. தமிழோசை கடைசி ஒலிபரப்பு முடிஞ்ச பிறகும் அதே இடத்தில ரேடியோவைப் போட்டபடியே விட்டிருந்தேன். வெறும் இரைச்சல். அணைக்க மனசு வரலை.

உங்க ரங்கூன் கிடைக்கும் தம்பி. கிடைச்சா எழுதுங்க.

7. புது_கேட்பாளர், செவ்வாய் மாலை 4.40

அண்ணன், அந்த மர்ஃபியையே ப்ளக்ல சொருகிப் பாருங்களேன்? பழைய ரேடியோவில இழுவை ஜாஸ்தின்னு சொல்வாங்க.

8. வால்வு_மெக்கானிக் (காரைக்குடி), செவ்வாய் மாலை 5.02

தம்பி, சொருகிடாதீங்க! இதைப் படிக்கிற யாரும் சொருகிடாதீங்க.

நாப்பது வருஷமா இந்த வேலை. முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடையில வால்வு ரேடியோ வாங்கிட்டு, நேரே கரண்ட்ல போட்டு எரிச்சுட்டு என்கிட்ட தூக்கிட்டு வர்றவங்க எத்தனையோ பேர். உள்ள 250 வோல்ட் ஓடும். பேப்பர் கண்டன்சர் எல்லாம் ஈரம் குடிச்சுக் கசிஞ்சு கிடக்கும். பல வருஷம் சும்மா கிடந்த செட்டுக்குத் திடீர்னு முழு வோல்டேஜ் கொடுத்தா ஃபில்டர் கண்டன்சர் வெடிக்கும், டிரான்ஸ்ஃபார்மர் எரியும். எரிஞ்ச டிரான்ஸ்ஃபார்மருக்கு இப்ப எங்கே போறது?

அதைவிட ஆபத்து ஏசி-டிசி செட்டு. யூசிஎச், யூஎல்னு 'யூ' எழுத்தில ஆரம்பிக்கிற வால்வு இருந்தா அதுக்கு மெயின் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. ப்ளக்கை ஒரு பக்கமாச் சொருகினா சேஸிஸ் (உள்ள இருக்கிற இரும்புத் தட்டு) முழுக்க லைன் கரண்ட். பின் அட்டையைக் கழட்டிட்டுக் கை வைச்சா அவ்வளவுதான்.

முறை என்னன்னா, முதல்ல கண்டன்சரை மாத்தணும். அப்புறம் 60 வாட் குண்டு பல்பை சீரியஸ்ல போட்டுக் கொடுக்கணும். பல்பு பளீர்னு எரிஞ்சு மங்கிட்டா நல்லது. மங்காம எரிஞ்சுக்கிட்டே இருந்தா உள்ள ஷார்ட்டு, உடனே அணைச்சிரணும். வளவு தம்பி, செட்டைக் கொண்டு வாங்க, பார்த்துத் தர்றேன். அவசரம் வேண்டாம்.

9. சிற்றலை_வாத்தியார் (தேவகோட்டை), செவ்வாய் இரவு 8.15

எந்த நேரத்தில தேடணும்னு யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்கிறேன்.

வானத்தில் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் டி அடுக்கு என்னும் மின்னேற்ற அடுக்கு இருக்கிறது. பகலில் வெயில் அதைக் கெட்டிப்படுத்தும். கீழ் அலைவரிசைகளை, அதாவது 49, 41 மீட்டரை, அது விழுங்கிவிடும். சூரியன் மறைந்ததும் டி அடுக்கு கரைந்து போகும். அப்போது அதே அலை இன்னும் மேலே போய், 200 கிலோமீட்டருக்கு மேல் உள்ள எஃப் அடுக்கில் பட்டு வளைந்து, தூரத்தில் இறங்கும். அதனால்தான் பகலில் 16, 19 மீட்டர், இரவில் 49, 41 மீட்டர்.

நம் ஊரிலிருந்து ரங்கூன் நேர்கோட்டில் ஏறக்குறைய 2000 கிலோமீட்டர். எஃப் அடுக்குக்கு இது ஒரே தாவல். மியன்மா வானொலி 5985 கிலோஹெர்ட்ஸில் இருக்கும். அங்கே மணி நம்மைவிட ஒரு மணி நேரம் முன்னால். நமக்கு இரவு 7 என்றால் அங்கே 8, இரண்டு பக்கமும் இருட்டு. அதுதான் உங்கள் நேரம்.

இன்னொன்று. பூமியின் காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்கோடி வழியாகப் போகிறது. தும்பாவில் 1963-ல் ராக்கெட் தளம் அமைத்ததற்கே அதுதான் காரணம். அந்தக் கோட்டை ஒட்டி இருப்பதால், சூரியன் மறைந்த பிறகு மேல் அடுக்கு கொந்தளிக்கும். அப்போது குரல் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல் படபடக்கும். செட்டில் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள், சற்றுப் பொறுத்தால் தெளியும். பிஎல்-660-ல், மங்கி மங்கி வரும் குரலைப் பிடித்து நிறுத்தும் சிங்க் பொத்தான் உண்டு. படபடப்பு வந்தால் அதைப் போட்டு, அலையின் மேல்பக்கம் கீழ்பக்கம் மாற்றிப் பாருங்கள்.

சூரியப் புள்ளிகளும் நமக்குச் சாதகம். பதினோரு வருடச் சுழற்சி 2024-ல் உச்சம் தொட்டது. கொடைக்கானலில் 1899-ல் தொடங்கிய ஆய்வகத்தில் நூறு வருடத்துக்கும் மேலாகச் சூரியனைப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். நம் ரேடியோவின் முள்ளுக்கும் அந்தப் படங்களுக்கும் சம்பந்தம் உண்டு என்று பிள்ளைகளிடம் சொன்னால் நம்பவே மாட்டேன் என்கிறார்கள்.

10. வளவு_வானொலி, புதன் இரவு 10.05

சோதனை முடிஞ்சது.

எங்க பங்கோட மெயினை இறக்கினதும் இரைச்சல் பாதியாச்சு. எங்க பக்கத்துக் குற்றவாளிகள் ரெண்டு. மாடிப்படிக்குக் கீழ இன்வெர்ட்டர், கல்யாணக் கொட்டகையில புதுசாப் போட்ட எல்இடி. எல்இடியை மாத்தியாச்சு. இன்வெர்ட்டரை ஒரு மணி நேரம் நிறுத்தி வைச்சாப் போதும்.

மீதிப் பாதி? பேட்டரி ரேடியோவைக் கையில பிடிச்சுக்கிட்டு, டெலஸ்கோப் குச்சியை உள்ள தள்ளிட்டு, வளவை (நடு முற்றத்தை) சுத்தி நடந்தேன். மேற்குப் பக்கம் போகப் போக ஏறுது. பெரியப்பா அறை வாசல்ல காதை அடைக்குது. நிலைக்கு மேல ஒரு கண்காணிப்பு கேமரா, அதோட சின்ன அடாப்டர். தீப்பெட்டி அளவுதான். அதுக்குப் பக்கத்தில கொண்டு போனா சீன வானொலிகூடச் செத்துடுது.

கஷ்டம் இங்கேதான். பெரியப்பாவுக்கு 81 வயசு. பையன் வெளிநாட்டில இருந்துக்கிட்டு அவரைப் பார்க்கிறது அந்தக் கேமரா வழியாத்தான். "என் ரேடியோவுக்கு இடைஞ்சல், அணைங்க"ன்னு எப்படிக் கேட்கிறது? ரெண்டு நாள் யோசிச்சிருப்பேன். இன்னைக்கு அவரே "என்னடா கையில வைச்சுக்கிட்டுத் திரியிற, உங்க ஐயா ரேடியோ மாதிரி சத்தம் வருது"ன்னு கேட்டார். சொன்னேன். ஒரு நிமிஷம் பேசாம இருந்தார். "ரங்கூனா"ன்னார். அப்புறம் அவரே ஸ்டூலைக் காட்டினார்.

அந்த அடாப்டருக்குப் பதிலா என்ன போடலாம்? கேமரா நிக்கக் கூடாது.

11. கானாடுகாத்தான்_31மீட்டர், புதன் இரவு 10.30

அடாப்டர்ல 12 வோல்ட் எத்தனை ஆம்பியர்னு எழுதியிருக்கும். அதே அளவுக்கு டிரான்ஸ்ஃபார்மர் வைச்ச பழைய பாணி ரெகுலேட்டட் சப்ளை வாங்கிப் போடுங்க. கையில எடுத்தா கனமா இருக்கும், அதுதான் அடையாளம். அதோட ஒரு ஃபெரைட் வளையத்தில (இரைச்சலைத் தடுக்கிற காந்த வளையம்) கேமரா ஒயரை ஏழெட்டுச் சுத்துச் சுத்திடுங்க. கேமராவும் ஓடும், ரேடியோவும் ஓடும்.

12. வால்வு_மெக்கானிக், வியாழன் காலை 6.45

இப்ப ஏரியலுக்கு வாங்க.

6 மெகாஹெர்ட்ஸுக்கு முறையான அரை அலை ஏரியல்னா 143-ஐ ஆறால வகுக்கணும், கிட்டத்தட்ட 24 மீட்டர். வளவுக்குள்ள அடங்காது. ஆனா நம்ம வீடு ஒரு தெருவில வாசல், அடுத்த தெருவில பின்வாசல். முகப்பு மாடிக் கைப்பிடியிலேருந்து வளவுக்கு மேலாப் பின்கட்டு வரைக்கும் ஒரே கம்பியா இழுத்தா 20, 25 மீட்டர் சுளுவாக் கிடைக்கும். வீட்டு ஒயரிங் கம்பி போதும். ரெண்டு முனையிலயும் முட்டை மாதிரி இருக்கிற பீங்கான் இன்சுலேட்டர், நைலான் கயிறு.

கம்பியை நேரா அறைக்குள்ள கொண்டு வராதீங்க, வீட்டு இரைச்சல் அதில ஏறும். கம்பி முடியிற இடத்தில ஃபெரைட் வளையத்தில 9 சுத்து, 3 சுத்து போட்ட சின்ன டிரான்ஸ்ஃபார்மர். அங்கேயிருந்து டிஷ் டிவி கேபிள்ல இறக்குங்க. எர்த்துக்குத் தனியாக் கிணத்தடி ஈரத்தில செம்புக் கம்பி அடிங்க. கரண்ட் எர்த்தில சேர்க்காதீங்க. செட்டோட பக்கவாட்டில ஏரியல் ஓட்டையில 3.5 மில்லி பின். சத்தம் ஒண்ணோட ஒண்ணு கலந்தா இழுவையைக் கூட்டிக் குறைக்கிற டிஎக்ஸ்-லோக்கல் ஸ்விட்சை ஒரு படி இறக்குங்க.

மழை இடின்னா பின்னைக் கழட்டி வெளியில போட்டுருங்க. இது கட்டாயம்.

13. கோட்டையூர்_ஆச்சி, வியாழன் காலை 10.10

ஒரு வார்த்தை. பர்மா தேக்குத் தூண்ல ஆணி அடிச்சிராதீங்க தம்பி. தூண் தலையில இருக்கிற போதிகையில கூட வேண்டாம். கயிறு போட்டுக் கட்டுங்க. அந்த மரமும் ரங்கூன்லேருந்து வந்ததுதான்.

14. கைப்பேசி_நேயர், வியாழன் மதியம் 1.30

நான் கேட்ட கேள்வியை வாபஸ் வாங்கலை, ஆனா நேத்து ராத்திரி மாமனார் வீட்டுப் பழைய பிலிப்ஸ் டிரான்சிஸ்டரைத் தேடி எடுத்தேன். தோட்டத்துப் பக்கம் போய் 9 மெகாஹெர்ட்ஸ்ல திருப்பினா ஒரு ஆங்கிலச் செய்தி, நடுவில நிலையத்தோட பேர் சொல்றதுக்குள்ள மங்கிப் போச்சு. திரும்ப வரும்னு கொசுக்கடியில அரை மணி நேரம் நின்னேன். வரலை. எந்த நிலையம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

15. சிற்றலை_வாத்தியார், வியாழன் மதியம் 3.00

நல்ல ஆரம்பம். ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, நேரம், கிலோஹெர்ட்ஸ், மொழி, காதில் விழுந்தது என்ன என்று எழுதுங்கள். நேரத்தை யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) எழுதிப் பழகுங்கள், நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரம் கழித்தால் போதும். உலகத்து அட்டவணைகள் எல்லாம் அதில்தான் இருக்கும். முழு மணிக்கு ஐந்து நிமிடம் முன்னால் போய்க் காத்திருங்கள், பெரும்பாலும் அப்போதுதான் பேர் சொல்வார்கள்.

தரத்துக்கு சின்போ எண். பலம், குறுக்கீடு, இரைச்சல், அலை நிலைமை, மொத்தம் என ஐந்துக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். இதை நிலையத்துக்கு எழுதி அனுப்பும்போது மரியாதை என்று 55555 போடாதீர்கள். அது அங்கே உள்ள பொறியாளருக்கு எந்த உதவியும் செய்யாது. 34322 என்று உள்ளதை எழுதினால், உங்கள் ஊரில் எப்படி விழுகிறது என்று அவருக்குத் தெரியும், நீங்கள் கேட்டதை உறுதி செய்யும் அட்டையும் மனதார அனுப்புவார்.

16. வளவு_வானொலி, ஞாயிறு இரவு 9.20

ஆச்சி சொன்ன மாதிரியே ஒரு ஆணிகூட அடிக்கலை. முகப்பு மாடிக் கைப்பிடியிலேருந்து பின்கட்டு வரைக்கும் 22 மீட்டர். மெக்கானிக் அண்ணன் டிரான்ஸ்ஃபார்மரைச் சுத்தியே கொடுத்துட்டார், காசு வாங்க மாட்டேன்னுட்டார். கேமராவுக்குக் கனமான சப்ளை போட்டாச்சு. இன்வெர்ட்டரை நிறுத்தினேன்.

6.50-க்கு 5985. ஏதோ மூச்சு விடுற மாதிரி மட்டும். 6.58-க்கு ஒரு இசை, மேலே வந்து கீழே போய்க்கிட்டு இருந்தது. வாத்தியார் சொன்ன அதே படபடப்பு. சிங்க் போட்டேன், கீழ்பக்கத்தில தெளிஞ்சது. 7 மணிக்கு ஒரு பெண் குரல்.

பெரியப்பா பட்டாலைத் திண்ணையில, ஐயா உட்காருற தூணுக்கு எதிர்த் தூண்ல சாய்ஞ்சு உட்கார்ந்திருந்தார். எனக்கு ஒண்ணும் புரியலை, அவருக்கும் புரியலை. நாங்க ரெண்டு பேரும் சும்மா கேட்டுக்கிட்டு இருந்தோம். செய்தியில ஏதோ கணக்கு வந்தது போல, அந்தம்மா எண்ணா அடுக்கிட்டுப் போனாங்க. பெரியப்பா கை மடியில இருந்தது. விரல் மடங்கினது. "ங்கா"ன்னார். "அஞ்சு சொன்னாடா."

நோட்டுல எழுதினது: யூடிசி 13.30, 5985, பர்மிய மொழி, பெண் குரலில் செய்தி, சின்போ 34433.

7.40-க்கு மேல அடியில வேற ஒரு நிலையம் ஏறி வந்து மூடிடுச்சு, சீனப் பேச்சு மாதிரி இருந்தது. அது எதுன்னு யாருக்காவது தெரியுமா?

17. கோட்டையூர்_ஆச்சி, ஞாயிறு இரவு 9.41

நாளைக்கு ஏழு மணிக்கு நானும் 5985-ல இருப்பேன் தம்பி. கோட்டையூர்ல எப்படி விழுதுன்னு எழுதறேன். பெரியப்பாவைக் கேட்டதாச் சொல்லுங்க.